ஆளில்லாக் கப்பலில் வெள்ளை விரிப்புகள்

டேய்,

நேற்று, நான் இப்போது பார்த்துக்கொள்ளும் கொச்சங்காடி விருந்தினர் வீட்டின் மாடியறையைத் திறந்தேன். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை. அடுத்த வாரம் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கப் போகிறார்களாம். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து எல்லாவற்றையும் சரிபார்த்து வைக்கச் சொன்னார். குளியலறைக் குழாயைத் திருகினேன். முதலில் தண்ணீர் வரவில்லை. உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவது போல இரண்டு முறை சத்தம் வந்தது. பிறகு பழுப்பாக, வெதுவெதுப்பாகக் கொட்டியது. துருவும் பாசியும் நெடுநாள் அடைபட்ட காற்றும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கொச்சங்காடியில் இல்லை. நம் கப்பலின் நடைவழியில் நிற்கிறேன். இருபக்கமும் மூடிய கதவுகள். எதிர்வரிசையில் நீ ஒவ்வோர் அறையாகக் குழாயைத் திறந்துகொண்டு வருகிறாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பள்ளியில் மலையாளம் படித்த கை இது. பிழை இருந்தால் சிரிக்காதே. நீயும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

பயணிகளை இறக்கிவிட்ட பிறகு நம் கப்பலை எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். உல்லாசக் கப்பல்கள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று கரையில் இருப்பவர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நீதான் சொன்னாய்: "உற்சவம் முடிஞ்சா ஆனையை எங்கேடா கட்டுவாங்க? கண்ணுல படாத ஏதாச்சும் காலிப் பறம்புலதான்." நம் ஆனையை மணிலா விரிகுடாவில் கட்டினார்கள். நம்மைப் போல இருபது கப்பல்களுக்கு மேல் அங்கே நங்கூரம் போட்டு நின்றன. ஊழியர்களைத் தொகுதி தொகுதியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கப்பல் உயிரோடு இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டார்கள். ஆயிரம் அறைகளுக்கு மேல் இருந்த கப்பலில் நாம் அறுபது பேர் மிஞ்சினோம்.

காலையில் பார்த்தால் எல்லாக் கப்பல்களும் ஒரே திசையில் முகத்தைத் திருப்பி நிற்கும். மத்தியானம் பார்த்தால் எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும். நீரோட்டம் திருப்புகிறது என்று தெரியும். ஆனால் திரும்புவதை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. தலையைக் குனிந்து ஒரு சாயா குடித்து நிமிர்வதற்குள் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

நமக்குக் கொடுத்த வேலை, தண்ணீரைத் திறந்துவிடுவது. குழாயில் நீர் தேங்கினால் நோய்க்கிருமி வளரும் என்று வாரம் ஒருமுறை எல்லா அறைகளிலும் குழாய், ஷவர், கழிப்பறை மூன்றையும் ஓடவிட வேண்டும். இடது வரிசை உனக்கு, வலது வரிசை எனக்கு. திரைகள் மூடிய இருட்டு அறைகள். ஒன்றில் யாரோ மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடி. இன்னொன்றில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. பத்து மணிக்கு ஒலிபெருக்கி தானாகப் பேசும்: இன்று நீச்சல்குளத்தின் அருகே நடனம், அனைவரும் வருக. அதை எங்கே அணைப்பது என்று தெரிந்த ஆள் ஊருக்குப் போயிருந்தான். நீ ஒவ்வொரு நாளும் கூரையைப் பார்த்து, "வரோம் வரோம், நீங்க ஆடிண்டிருங்க" என்பாய். முதல் வாரம் சிரித்தேன். ஆறாவது வாரம் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு கதவையும் நீ தட்டிவிட்டு, மூன்று எண்ணி, அதன்பிறகுதான் திறப்பாய்.

"யாருக்குடா தட்டறே?" என்று கேட்டேன்.

"பழக்கம். உள்ளே ஆள் இருந்தா மோசம் இல்லையா?"

ஒருநாள் ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவைத் தட்டிவிட்டு நீ திறக்காமலே நின்றாய். நான் வந்து பார்த்தேன். "உள்ளே தண்ணி ஓடுதுடா," என்றாய் மெதுவாக. "யாரோ குளிக்கறாங்க." நானும் காதை வைத்துக் கேட்டேன். ஓடியது. திறந்து பார்த்தபோது ஷவர் காய்ந்து கிடந்தது. பக்கத்து அறைக் குழாயின் சத்தம் சுவர் வழியாக வந்திருக்கும் என்று நான் சொன்னேன். அந்த அறைக்கு மட்டும் அதன்பிறகு நாம் இருவரும் சேர்ந்தே போனோம்.

நான்கைந்து மாதம் கழித்து கேப்டன் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார். இரண்டாயிரம் பேர் சாப்பிட்ட கூடத்தின் ஒரு மூலையில் அறுபது பேர். கப்பலை விற்றுவிட்டார்கள், குஜராத் கடற்கரையில் உடைக்கப் போகிறார்கள் என்றார். அதிகம் வயதாகாத கப்பல். பிறகு அவர் சொன்னார்: போகிற வழியில் எண்ணெய்க்கும் காகிதங்களுக்குமாக இரண்டு நாள் கொச்சிக்கு வெளியே நிற்போம். யாரும் கரை இறங்க முடியாது.

நீ கடைசி வாக்கியத்தைக் கேட்கவே இல்லை. கொச்சி என்ற சொல்லோடு எழுந்துவிட்டாய்.

உன் அம்மா அப்போதே படுக்கையில் இருந்தார். பிளஸ் டூ முடித்து நீ கப்பலுக்குப் போன நாளிலிருந்து அவர் உன்னிடம் கேட்டது ஒன்றுதான்: நீ வேலை பார்க்கும் கப்பலை ஒருமுறை பார்க்க வேண்டும். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களை எல்லாம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்று பார்த்தவர். நம் கப்பல் மட்டும் ஒருபோதும் கொச்சிக்கு வரவில்லை. இப்போது அது வருகிறது. ஆனால் உடைவதற்காக வருகிறது.

உன் மனைவி சரசுவும் நீயும் போனிலேயே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தீர்கள். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை ஓரம் உன் மைத்துனர் குடியிருந்த இளநீல மூன்று மாடி வீடு. அம்மாவை முந்தின நாளே அங்கே கொண்டுபோய், காலை பத்து மணிக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கப்பல் அடையாளம் தெரியுமா என்று அம்மா கவலைப்பட்டாராம். கொச்சிக்கு வெளியே அப்போது நான்கைந்து கப்பல்கள் நின்றன. "தெரியற மாதிரி செய்யறேன்" என்றாய்.

நீ கேப்டனிடம் போய்க் கேட்டபோது நான் வாசலில் நின்றேன். கரைப்பக்கம் இருக்கும் பால்கனிகள் எல்லாவற்றிலும் படுக்கை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றாய். அவர் உன்னைச் சற்று நேரம் பார்த்தார். "எப்படியும் கப்பலோடு போகப்போகிற துணிதானே. செய்துகொள்" என்றார்.

விடிந்ததும் தொடங்கினோம். உதவிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஓர் அறை, ஒரு விரிப்பு, கைப்பிடிக் கம்பியில் இரண்டு முடிச்சு. நீ கீழ்த்தளங்களில் கட்டிக்கொண்டு வந்தாய். நான் மேலே இருந்தேன். ஏழு மணி இருக்கும். என் போன் அடித்தது. சரசு.

"அண்ணா, அவர் பக்கத்துல இருக்காரா?"

"இல்லம்மா. கீழே நிக்கறான்."

"அம்மா போயிட்டாங்க. அஞ்சரைக்கு." அவள் குரல் உடையவில்லை, வெறுமையாக இருந்தது. "இப்போ அவர்கிட்ட சொல்லவேண்டாம் அண்ணா. எறங்கவும் விடமாட்டாங்க. கரையைப் பார்த்துண்டு அவர் சும்மா நிக்கமாட்டார், கடல்ல சாடிருவார். எல்லாம் முடியட்டும், சாயங்காலம் நானே சொல்றேன்."

சரி என்றேன். போனைப் பையில் போட்டேன். அடுத்த விரிப்பை எடுத்துக் கட்டினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. நீ கீழேயிருந்து கத்தினாய்: "டேய், முடிச்சு இறுக்கமா போடு! அம்மா பார்க்கறப்போ ஒண்ணு பறந்து போச்சுன்னா நாணக்கேடு!" அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன், அவர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோது, நான்கு மைல் தூரத்தில் சிரித்துக்கொண்டு துணி கட்டினான். அவனுக்குத் துணியை எடுத்துக்கொடுத்தவன் நான்.

ஒன்பதரைக்கு முடித்தோம். தண்ணீர் கொண்டுவந்த சிறு படகில் இருந்த ஒருவன் நம் கப்பலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்தா சேட்டா இது, ஆளு மரிச்சோ?" என்று கேட்டான். தளம் தளமாக வெள்ளைத் துணி தொங்கும் ஆளில்லாக் கப்பல். கரையில் அன்று பலரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். உள்ளே பிணங்கள் இருக்கின்றன, அதனால்தான் துறைமுகத்துக்குள் விடவில்லை என்று. நீ மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்து, "என் அம்மைக்கு" என்றாய். அவன் முகம் மாறியது.

பத்து மணிக்கு மேல்தளத்தில் கேப்டனின் பைனாகுலரை வைத்துக்கொண்டு நின்றோம். கடற்கரை மரங்கள், அதற்குப் பின்னால் வரிசையாக வீடுகள். இளநீல மாடியை நீ சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாய்.

"டேய், இருக்காங்கடா," என்றாய். "அம்மா நாற்காலியில இருக்காங்க. வெள்ளை முண்டு உடுத்திருக்காங்க. கையை ஆட்டறாங்க!"

நீ ஒரு கையை உயர்த்தி ஆட்டினாய். ஆட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு பைனாகுலரை என்னிடம் நீட்டினாய். எனக்கு வாங்கவே பிடிக்கவில்லை. வாங்கினேன். முதலில் கடலும் வானமும் மட்டும் ஓடின. பிறகு மாடி நின்றது. தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் வெள்ளையாக ஓர் உருவம் சற்றே சாய்ந்து இருந்தது. அதிலிருந்து ஏதோ ஒன்று உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"தெரியுதா?" என்றாய்.

"வெயில் கண்ணைக் கூசுது. ஒண்ணும் தெரியலை," என்றேன்.

சாயங்காலம் சரசு உன்னை அழைத்தாள். நீ அழுததை எழுத மாட்டேன். அழுது முடித்தபின் கட்டிய விரிப்புகளை எல்லாம் நீயே அவிழ்த்தாய். யாரையும் தொட விடவில்லை. கடைசியில் என் பக்கம் வந்து, "கட்டறப்போ உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாய்.

"இல்லடா," என்றேன்.

நம்பினாய். அதுதான் கஷ்டம்.

நான்காம் நாள் குஜராத் கரையில் கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலை முழு வேகத்தில் சேற்றில் ஏற்றினார்கள். காலடியில் ஒரு நீண்ட உறுமல், பிறகு அது நின்றது. இன்ஜினை அணைத்தார்கள். இத்தனை வருடம் நம் தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்த சத்தம் போனதும் காது அடைத்தது போல ஆயிற்று. தூரத்தில் கரையில் கூட்டமாக ஆட்கள் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்று ஏணியில் இறங்குவதற்கு முன் நீ நடைவழியின் முதல் கதவைத் தட்டினாய். மூன்று எண்ணினாய். திறக்கவில்லை. இறங்கிவிட்டாய்.

அதன்பிறகு நாம் கடலுக்குப் போகவில்லை. நீ கலூரில் ஒரு ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாய். அன்றைய மாடிக் காட்சியை நீ பலரிடம் சொன்னாய். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆறுதலாகப் பேசினார்கள். சிலர் நீ எழுந்துபோன பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் முடிவில் என் பக்கம் திரும்புவாய். "இவன் கூட இருந்தான். இவனுக்கு வெயில்ல தெரியலை." நான் சாயாவைக் கலக்கிக்கொண்டிருப்பேன். போகப்போக நீ சொல்வதை நிறுத்திவிட்டாய்.

நீ நோயில் விழுந்தபின் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன் குரல் போயிருந்தது. குனிந்து கேட்டேன். "மாடியில அம்மாவைப் பார்த்தேனான்னு எனக்கே இப்போ சம்சயமா இருக்குடா. துக்கம் வரப்போறதுன்னு மனசு முன்னாலேயே உண்டாக்கிக்கிச்சோ என்னவோ," என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சரசு பக்கத்தில் நின்றாள். அவள் சொல்லித்தான் மறைத்தேன் என்பதை அவள் முன்னால் எப்படிச் சொல்வது? நர்ஸ் வந்து நேரமாயிற்று என்றாள். "நாளைக்கு வரேன்," என்றேன். அந்த நாளைக்கு நீ இல்லை.

நேற்று மாடியறையைப் பூட்டிவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொன்ன முதல் பொய்யையும் இரண்டாவது பொய்யையும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "முந்தின நாளே நாற்காலியை மேலே கொண்டுபோய்ப் போட்டோம் அண்ணா. உட்கார்ந்தா குத்தக்கூடாதுன்னு அம்மாவோட முண்டு ஒண்ணை மடக்கி விரிச்சு வெச்சேன். மறுநாள் அதை எறக்க யாருக்கு நினைவு? மாடிக்கு யாருமே போகலை. காத்துல ஆடியிருக்கும்." கடைசியில், "நீங்களும் பார்த்தீங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சரசு சொல்வதுதான் சரியாக இருக்கும். நாற்காலியும் துணியும் காற்றும்தான். ஆனால் அது என்னவாக இருந்தாலும் சரி, நீ கற்பனை செய்யவில்லை. அந்த மாடியில் வெள்ளையாக ஒன்று இருந்தது, அது நம்மைப் பார்த்து அசைந்தது. நானும் பார்த்தேன்டா. அதை உன்னைத் தனியாகச் சுமக்க விட்டேன். இனி என் காலம் வரைக்கும் நான் சுமக்கிறேன். யார் கேட்டாலும் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.