இறக்கையைப் பிடிக்கும் எட்டு போல்ட்

செப்டம்பர் 4, 2024

எழுந்ததும் அதே கேள்விதான். எந்த போல்ட்?

விமானத்தின் இறக்கையை உடம்போடு பிடித்து நிறுத்துவது எட்டே எட்டு போல்ட். அலுமினிய பிராக்கெட்டுகளின் துளை வழியாகப் போகிறவை. வேறு எது கழன்றாலும் எப்படியாவது இறங்கிவிடலாம் என்கிறார் இவர். இந்த எட்டில் ஒன்று போனால் இறங்க மாட்டார், விழுவார். வாங்குகிற பொறுப்பு என்னுடையது. "பாலிடெக்னிக்ல மெட்டீரியல் லேப் பாக்குறவ நீ. நட்டு போல்ட்டு உன் டிபார்ட்மெண்ட்டு யுவா" என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிட்டார்.

டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மனிதர். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, என் மாமனாரின் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் ஒற்றை ஆள் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மார்க்கையன்கோட்டையில் இப்போது நான் யுவராணி இல்லை, பிளேன்காரர் பொண்டாட்டி.

மலையோரச் சாரலில் கொட்டகைக்குள் எப்போதும் ஈரம். சாதா போல்ட் ஒரு மழைக்குத் தாங்காது. ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்துவிட்டேன். துருவே பிடிக்காது.

செப்டம்பர் 21

மதுரையிலிருந்து போல்ட் வந்தது. மாட்டியாகிவிட்டது. சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. நிம்மதியா? இல்லை. ஏன் இல்லை?

அக்டோபர் 11

ஆயுத பூசை. மாமா விடிந்ததும் டிராக்டர், மோட்டார், மண்வெட்டி, விமானம் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டார். இறக்கை பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் விபூதியில் மூன்று பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். "எம்மகனைத் தூக்கிட்டுப் போற சாமி இது, ஆத்தா" என்றார். பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று உத்தரவு.

பொரியும் சுண்டலும் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். இன்றைக்கு ஒரு நாள் பயமில்லை.

நவம்பர் 8

விடாத மழை. கோயம்புத்தூரில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கும் சூரியபிரகாஷ் சாரிடம் போனில் பேசினேன். என்ன போல்ட் போட்டேன் என்று சொன்னதும் மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சொன்னார்: "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதும்மா. ஆனா ஈரம் இருந்தா, ஒட்டியிருக்கிற அலுமினியத்தை அரிச்சிரும். பலமும் பத்தாது. காட்மியம் பூசின ஏர்கிராஃப்ட் போல்ட்டா வாங்குங்க."

இதை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இரண்டு உலோகம், நடுவில் ஈரம். அங்க வாய் கிழியப் பேசுறவளுக்கு வீட்ல புத்தி எங்க போச்சு?

நவம்பர் 9

கழற்றிப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம்.

நவம்பர் 10

பார்த்துவிட்டேன். பிராக்கெட் எல்லாவற்றிலும் ஊசி ஊசியாகக் குழி, வெள்ளைப் பொடி. நான்தான். நான் எடுத்த போல்ட்டுதான். தை பிறந்ததும் பறக்கப் போறேன்னு இவர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரே— எப்படிச் சொல்லுவேன்?

நவம்பர் 12

போல்ட் தொடாத இடத்திலும் குழி இருக்கிறது. அதெப்படி?

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழிகள் மூன்று வரியாக ஓடுகின்றன, நடுவில் வட்டமாக. விபூதிப் பட்டை. பொட்டு. ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டினால் அடியில் லேசான நீலம்.

மாமாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"பூசைக்கு பிளேனை எதுல கழுவுனீக மாமா?"

"திராட்சைக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்லதான் ஆத்தா. வேகமா பீச்சுனாத்தான அழுக்குப் போகும்?" முகமெல்லாம் பெருமை.

அந்த ஸ்பிரேயர் டிரம்மில் கரைவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். மயில்துத்தம் என்றால் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பைப் போல எமன் கிடையாது. அந்தத் தண்ணீரின் ஈரத்தைச் சந்தனம் காயவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. என் போல்ட் சில வருடங்களில் செய்திருக்கக்கூடியதை அது ஒரு மழைக்குள் செய்துவிட்டது.

மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்க மகனை நீங்களே... மாட்டேன். என்னால முடியாது.

நவம்பர் 13

இவரிடம் பாதிதான் சொன்னேன். போல்ட் தப்பு, பிராக்கெட் போய்விட்டது, எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும், தையில் நடக்காது.

"ஒரு வேலை குடுத்தேன். ஒரே ஒரு வேலை" என்று கத்தினார். கொஞ்சம் அடங்கியதும், லேசாகத்தான் அரித்திருக்கிறது, தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதும் என்று ஆரம்பித்தார். "நீங்க அதுல ஏறினா நான் இங்கன இருக்க மாட்டேன்" என்றேன். நானா அப்படிப் பேசினேன்?

நவம்பர் 18

காலேஜ் லேபில் ஒரு பிராக்கெட்டை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். தாங்க வேண்டியதில் பாதியைத் தாண்டியதும் பட்டென்று விட்டது. பொட்டு இருந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருக்கிறது. இரண்டு துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தேனியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. இவர் இதில் ஏறியிருப்பார். நானும் டாட்டா காட்டியிருப்பேன்.

நவம்பர் 19

சாப்பிடும்போது துண்டுகளை இவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எல்லாம் நீ எடுத்த போல்ட்டால."

மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார். ஒரு துண்டை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"ஏலே, அவள ஏண்டா வையுற? எதுல கழுவுனீகன்னு அன்னைக்கு எங்கிட்ட வந்து கேட்டா. நான் சொன்னதும் மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கு அப்ப விளங்கல." துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "துத்தம் பட்டு ஸ்பிரேயர் வாய் இப்படித்தான அரிச்சுப் போகும். எத்தனை மாத்திருக்கேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா எழுந்து கை கழுவப் போனார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை.

டிசம்பர் 6

மாமா கொட்டகைக்குள் வருவதில்லை. வாசலோடு திரும்பிவிடுகிறார். மருந்து டிரம்மும் துத்த மூட்டைகளும் தோட்டத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டன. யாரும் சொல்லவில்லை, அவராகவே சுமந்து போட்டார். இப்போதெல்லாம் எனக்குக் காலையில் காபி போட்டுத் தருகிறார். சர்க்கரை அதிகம், வாயில் வைக்க முடியவில்லை. குடித்துவிடுகிறேன்.

இவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பாவிடமும் சரியாகப் பேசவில்லை.

ஜனவரி 30, 2025

புது பிராக்கெட்டுகள் வந்தாயிற்று. அரிக்காமல் இருக்க அனோடைஸ் செய்து, மேலே பிரைமரும் அடித்தாயிற்று. காட்மியம் பூசிய போல்ட்டும் வந்துவிட்டது, மங்கின தங்க நிறம். சரியானதைத்தான் எடுத்திருக்கிறேன். சரியானதுதானா? சூரியபிரகாஷ் சாரிடம் மறுபடி கேட்டேன். "இதையே மூணாவது தடவையா கேக்குறீங்கம்மா" என்றார்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். அதுவே இவருக்கு அதிகம்.

மார்ச் 9, 2025

தேவாரம் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் மண் ஓடுபாதை. அனுமதியெல்லாம் கையில். காற்று இல்லாத காலை.

ஏழு போல்ட்டை நான் முறுக்கினேன். மாமா தூரத்தில் வேன் ஓரமாக நின்றிருந்தார். கூப்பிட்டேன்.

"என் கை வேணாம் ஆத்தா."

"உங்க கைதான் வேணும் மாமா. வாங்க."

வந்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அளவோடு முறுக்குகிற டார்க் ஸ்பேனரைக் கொடுத்தேன். எட்டாவது போல்ட்டை முறுக்கினார். கிளிக் என்று சத்தம் வந்ததும் உடைத்துவிட்டதாகப் பயந்து நின்றுவிட்டார். போதும் என்று சொல்வதுதான் அந்தச் சத்தம் என்றேன். இவர் அந்த போல்ட்டைச் சரிபார்க்கக்கூட இல்லை. நேராக ஏறி உட்கார்ந்தார்.

ஒரே ஒரு சுற்று. மலைப் பக்கம் திரும்பும்போது இறக்கை சாய்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சக்கரம் மண்ணில் உருண்டுகொண்டிருந்தது. எல்லோரும் விமானத்தை நோக்கி ஓடினார்கள்.

மாமா ஓடவில்லை. ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அவன் இறங்கி வரட்டும் ஆத்தா" என்றார்.