அட்டையில் வராத சங்கீதம்

அரியலூர்
9-2-1999

அன்புள்ள அண்ணனுக்கு,

சிந்தாமணி எழுதுவது. உங்களையும் அண்ணியையும் நினைக்காமல் ஒரு நாளும் ஜெபம் முடிவதில்லை. ரிட்டயர் ஆனபிறகாவது தங்கை வீட்டுக்கு வருவீர்கள் என்று பார்த்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸா இல்லை?

போனில் சொன்னால் பாதியிலேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உங்கள் மாப்பிள்ளைக்கு, படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. திருச்சியில் காட்டினோம். ரத்தக்குழாயில் அடைப்பாம். பைபாஸ் ஆபரேஷன் செய்யவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர்.

நாங்கள் செய்வதாக இல்லை. புது வருட ஆராதனையில் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று எடுப்போம் அல்லவா, இந்த வருடம் அவர் கைக்கு வந்தது நூற்றுப் பதினெட்டாம் சங்கீத வசனம். சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று வருமே, அதுதான். வலி வந்தது அதற்குப் பிறகு. ஆண்டவர் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். அதற்கு மேலும் கத்திக்குக் கீழே போய்ப் படுத்தால் அவரை நம்பவில்லை என்று ஆகாதா?

மாப்பிள்ளை வழக்கம்போலச் சிரிக்கிறார். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியும் பெயரை மாற்ற மறுத்த மனுஷன்தானே! "காசிநாதன்னு பேர வச்சிக்கிட்டு சர்ச்ல குந்தியிருக்கேன். ரெண்டு பக்கமும் எனக்கு ஆளு இருக்கு. நீயும் ஒங்கண்ணனும் பேசி முடிவு பண்ணுங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்கிறார்.

உங்கள் தங்கை,
சிந்தாமணி

பெரம்பலூர்
14-2-1999

அன்புத் தங்கை சிந்தாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி படித்துவிட்டு அழுதாள். பாடம் எடுப்பேன் என்று எழுதியிருந்தாய். எடுக்கத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்.

வேதத்தில் பவுல் தம் சீடன் தீமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதும்போது, துரோவா ஊரில் விட்டுவந்த மேலங்கியை மறக்காமல் எடுத்துவா என்கிறார். குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்றும் கெஞ்சுகிறார். வயதான ஒரு மனிதர் சிறையில் குளிரில் நடுங்கி எழுதியது அது. அந்த வரியை அட்டையில் போட்டு உனக்குக் கொடுத்தால் துரோவாவுக்கு டிக்கெட் எடுப்பாயா? அதே கடிதத்தில்தான் நம்மை வாழவைக்கிற வசனங்களும் இருக்கின்றன. மேலங்கியை மனிதரும் மற்றதை ஆண்டவரும் எழுதினார்கள் என்று கோடு போட எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை தாம் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து கொடுத்தாரே, என் மேஜையில்தான் இருக்கிறது. கல்லுக்குள் ஒரு கடல் நத்தை. கல்லை நீக்கிவிட்டு நத்தையை மட்டும் எடுக்கப் பார்த்தால் இரண்டும் நொறுங்கும். வேதமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் தம் காலத்தில், தமக்கு நேர்ந்ததைப் பாடினார். அதற்குள்தான் ஆண்டவர் பேசுகிறார்.

உன் வசனத்தைப் பாடியவர் எதிரிகளிடமிருந்து தப்பி வந்தவர். நன்றி சொல்லிப் பாடினார். பிறகு ஒரு நாள் அவரும் இறந்துபோனார், சிந்தாமணி. அவர் பொய் சொன்னார் என்றா அர்த்தம்?

ஆபரேஷனுக்குச் சம்மதி.

அண்ணன்,
தர்மராஜ்

அரியலூர்
23-2-1999

அண்ணனுக்கு,

கல்லும் நத்தையும் நன்றாக இருந்தன. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். "ஒங்கண்ணன் நத்தைக்கே ஞானஸ்நானம் குடுத்துருவாரு" என்றார். சிரித்ததில் மூச்சு வாங்கி, பிறகு வெகுநேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று குழிக்குப் பக்கத்தில் நின்று, ஆண்டவர் மேய்ப்பராக இருக்கிறார் என்ற சங்கீதத்தை நீங்கள்தான் வாசித்தீர்கள். அப்போது, இது எவனோ ஆடு மேய்த்தவன் தன் காலத்தில் பாடியது, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னீர்களா? அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். நீங்கள் துக்கப்பட்டால் அது தேவ வார்த்தை, நான் பயப்பட்டால் மட்டும் மனுஷன் எழுதியதா?

எனக்குச் சரித்திரம் வேண்டாம். மாப்பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

சிந்தாமணி

பெரம்பலூர்
2-3-1999

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டது சரி. பதிலுக்கு நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

வசனம் உனக்கென்று வந்ததாகவே இருக்கட்டும். நான் மறுக்கவில்லை. பிழைத்திருப்பேன் என்ற சொல் அந்த டாக்டரின் கை வழியாக நிறைவேறக் கூடாதா? அந்தக் கையைப் படைத்தவரும் அவர்தானே? ஆபரேஷனுக்குப் போவது அவரை நம்பாதது ஆகாது. அவர் கொடுத்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டே போ. வாக்கு தவறாது. மாப்பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வருவார்.

நான் திருச்சிக்கு முன்னாலேயே போய் ரூம் பார்த்து வைக்கிறேன்.

அண்ணன்,
தர்மராஜ்

அரியலூர்
11-3-1999

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு நாள் ஜெபத்தில் வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை இப்போதே தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி உட்கார்ந்திருக்கிறார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. அண்ணியையும் அழைத்து வாருங்கள்.

சிந்தாமணி

அரியலூர்
2-5-1999

அண்ணனுக்கு,

அடக்கத்தன்று உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்த்தவர்கள் ஏதேதோ பேசியிருப்பார்கள்.

டாக்டர்மீது எனக்குக் குறையில்லை. ஆபரேஷன் முடிந்து மாப்பிள்ளை கண் விழித்து என்னிடம் பேசினார். பிறகு வந்த காய்ச்சலைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆபரேஷன் செய்யாமல் இருந்தாலும் போயிருக்கலாம். அதுவும் தெரிகிறது.

ஆனால் ஒன்று. வசனம் மனுஷன் எழுதியது, அதை உத்தரவாதமாகப் பிடிக்காதே என்று முதலில் சொன்னது நீங்கள். நான் இணங்கவில்லை என்றதும் அதே வசனத்தைத் தூக்கி, வாக்கு தவறாது, திரும்பி வருவார் என்று எழுதியதும் நீங்கள். நானாவது நம்பித்தான் சொன்னேன். நீங்கள் நம்பாமல் சொன்னீர்கள். என்னைக் கையெழுத்துப் போட வைப்பதற்காக.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

சிந்தாமணி

பெரம்பலூர்
9-5-1999

அன்புச் சிந்தாமணிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

ஆமாம். உனக்குப் புரியவைக்க முடியாதபோது வசனத்தை வைத்து உன்னை நகர்த்தினேன். மாப்பிள்ளை பிழைக்கவேண்டும் என்ற அவசரம். ஆனாலும் அது தப்பு. ஆபரேஷன் செய்யச் சொன்னதற்கு வருந்தவில்லை. சொன்ன விதத்துக்கு வருந்துகிறேன்.

தர்மராஜ்

பெரம்பலூர்
20-12-1999

சிந்தாமணிக்கு,

கிறிஸ்துமஸுக்கு அண்ணி உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டிருக்கிறாள். நேரில் கொண்டுவந்து கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதவேண்டும் என்றில்லை. டப்பாவைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

அண்ணன்

அரியலூர்
6-3-2000

அண்ணனுக்கு,

டப்பா என்னிடம்தான் இருக்கிறது. அண்ணி பாகைக் கொஞ்சம் முற்றவிட்டுவிட்டார்கள், சொல்லுங்கள்.

அவர் போனபிறகு பல மாதம் வேதத்தைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் வசனமாகவே சொன்னார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. ஜனவரியில் ஒரு மத்தியானம், திட்டுவதற்கு வார்த்தை கிடைக்குமா என்றுதான் சங்கீதத்தைப் புரட்டினேன். எண்பத்தெட்டு கண்ணில் பட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை. அட்டையிலும் பார்த்ததில்லை.

பகலும் இரவும் கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் வரவில்லை. நேசித்தவர்களை எல்லாம் தூரமாக்கிவிட்டீர், இருட்டுதான் மிச்சம் என்று முடித்துவிடுகிறான். கடைசியில் 'ஆனாலும்' என்று ஒரு ஆறுதல் வரும் என்று பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த சங்கீதம் வந்துவிட்டது.

மேலே ஏமான் என்று பேர் போட்டிருக்கிறது. அவன் யாரைப் பறிகொடுத்தானோ. மனுஷன் எழுதியதுதான், அண்ணா. அதில் எனக்கு இப்போது கொஞ்சமும் சந்தேகமில்லை. என்னை மாதிரி ஒரு ஆள் எழுதியது. ஆனால் ஆண்டவரை நல்லவராகக் காட்டவேண்டும் என்று மனுஷர் மட்டும் சேர்ந்து தொகுத்த புத்தகமாக இருந்திருந்தால், முதலில் இந்தப் பக்கத்தைத்தான் கிழித்துப் போட்டிருப்பார்கள். தன்னைக் குற்றம் சொல்லி வந்த கடிதத்தை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? அவர் வைத்திருக்கிறார். தம்முடைய வார்த்தை என்று பேரும் கொடுத்து வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் அவர் என்னோடு பேசினார் என்று எனக்குத் தோன்றியது.

உங்கள்மீது கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இருக்கிறது. அது இருக்கும்போதே எழுதலாம் என்று தெரிந்துகொண்டேன்.

வரும் இருபத்தேழாம் தேதி மாலை வீட்டில் அவருக்கு முதல் வருட நினைவு ஜெபம். வேத பாகத்தை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று போதகர் சொன்னார். எண்பத்தெட்டு என்றேன். "வேற ஒண்ணு பாக்கலாமேம்மா, வர்றவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். "கஷ்டப்படட்டும் ஐயா" என்றேன்.

நீங்கள்தான் வந்து வாசிக்கவேண்டும். கடைசி வரி வரைக்கும். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் தங்கை,
சிந்தாமணி