மன்றாட்டு ராகத்தில் ஒரு குடித்தனம்

1933 ஜூன் 12, திங்கள்

ரயில்வே கூட்ஸ் ஆபீசில் பகல் முழுவதும் வேகன் எண்கள். வீட்டில் ஃப்ளோரா இன்றும் பேசவில்லை. பக்கவாதம் வந்து நாற்பது நாள். கால் கை சற்று அசைகிறது; வாய் மட்டும் 'ம்... ம்...' என்று நின்றுவிடுகிறது. நான் ஆபீசில் இருக்கையில் ஏதாவது ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவாள்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக 'சற்று ஓயமாட்டாயா' என்று அவளைக் கேட்டவன் நான்.

ஜூன் 18, ஞாயிறு

பக்கத்து வீட்டு மீன்காரி சிலுவையம்மாள் மாலை ஜெபத்துக்கு வந்தாள். மன்றாட்டு மாலையில் ஒருவர் அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களின் பெயர்களை ராகமாக இழுப்பார். மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்போம். கிழவி இரண்டு பெயர் சொல்வதற்குள் ஃப்ளோரா பிடுங்கிக்கொண்டு பாடினாள். அத்தனை பெயரும். ஓர் எழுத்து சிதறவில்லை! என் பெயர் கொண்ட அர்ச்சியசிஷ்ட ஸ்டானிஸ்லாஸ் வந்ததும் மட்டும், வழக்கம்போல் பெயருக்குப் பதில் இருமினாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற சட்டத்தை வாதமும் தொடவில்லை.

முடிந்ததும், 'தண்ணீ வேணுமா?' என்றேன்.

'ம்... ம்...'

இன்னாடா இது—

ஜூன் 20

பேச்சுக்கு மூளையில் ஒரு வாசல், பாட்டுக்கு வேறு வாசல் போலிருக்கிறது என்கிறார் டாக்டர். தமக்கு முழுதும் தெரியாது என்றும் சொன்னார், நல்ல டாக்டர். சங்கீதம் ஒருவகைக் காய்ச்சல் என்று பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். நாளை முதல் பாட வேண்டும்.

ஜூன் 21

கதவைச் சாத்திக்கொண்டு, மன்றாட்டு ராகத்தில், 'காப்பிக்குச் சர்க்கரை போதுமோ—' என்று இழுத்தேன். என் குரலிடம் ஷண்டிங் எஞ்சின் தோற்றது. ஃப்ளோரா சிரித்தாள். பிறகு அதே ராகத்தில்: 'போ...தா...து.'

சமையலறைக்குப் போய் அழுதேன். சர்க்கரையும் அங்கேதான் இருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

'ரசத்தில் உப்பு சரியோ—' என்று பாடினேன். வாசலிலிருந்து, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!' எட்டிப் பார்த்தால் சிலுவையம்மாள், கூடையை இறக்கிவைத்து முழங்காலில்.

'இது ஜெபமில்ல, ஆயா. ரசம்.'

'ரசமா? மூணு நாளா முட்டி தேய மண்டி போட்டுகினு கீறேன், நைனா! நேத்து கூட மூணு வாட்டி பதில் சொன்னேனே!'

'நேத்து வெண்டிக்காய்.'

'நாசமா போவ! மீனுகூட நாறிப் போச்சு!'

உள்ளே ஃப்ளோராவின் சிரிப்பு, பழைய சத்தத்தில்.

ஜூலை 15

ராகமில்லாமல் முதல் வார்த்தை: 'போதும்.' நான் பாடிக்கொண்டிருந்தபோது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையில் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ராகம் வந்தது:

'அர்ச்சியசிஷ்ட ஸ்டானிஸ்லா...ஸே— பாலு பொங்குது—'

இருமல் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சிலுவையம்மாள் உடனே, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!'

பால் முழுவதும் அடுப்பில் போயிற்று. இன்னொரு தடவை கூப்பிடுவாளா என்று, சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன்.