பக்கத்து சீட்டின் அளவு

என் வீட்டு எஜமானிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

பட்டறையில் இப்போது ஒரு கூத்து. இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தக் காலத்துக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரில், அதைவிட மூன்று மடங்கு பெரிய காரின் இன்ஜினை ஏற்றியிருக்கிறோம். பானெட்டை வெட்டியும் அடங்காமல் பாதி வெளியே நிற்கிறது, எலிக்கு யானைத் தலை வைத்த மாதிரி. முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கார்புரேட்டர் நெருப்பாகத் தும்மியதில் என் இடது புருவம் பாதி கருகிவிட்டது. அவ்வளவுதான். இதோடு வைத்திருக்கும் போட்டோவைப் பார்த்துப் பதறாதே.

சீட் பொருத்தியதும் நான்தான். டிரைவர் சீட்டுக்குக் கார்க்காரரையே உட்கார வைத்து அளந்தேன். பக்கத்து சீட்டுக்கு ஆள் இல்லாததால் கண்ணளவில் போல்ட் போட்டேன். நேற்று அவர் மனைவி ஏறினார். நல்ல உயரம். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

"யாரை நெனச்சுய்யா அளவு வெச்சே?" என்று முதலாளி கத்தினார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"என் பொண்டாட்டியைங்க."

பட்டறையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். "அப்ப அவங்களே வரட்டும், நான் நடந்து போறேன்."

இன்று சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தேன். பழைய நான்கு துளைகளை அடைக்க மனம் வரவில்லை. கார்ப்பெட் போட்டு மூடிவிட்டேன்.

தலையணை உறை கிழிந்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் உன் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் ஒன்றரைப் புருவக்காரன்