அரை டம்ளர் தேநீர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இந்தத் தாளை எடுத்தேன். அடுத்த வரியில் இங்கே அனைவரும் நலம் என்று எழுத வேண்டும். கை தானாகவே அங்கே போனது, நிறுத்திவிட்டேன். அந்த வரியை நம் வீட்டில் அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டோம், கொஞ்ச காலம் அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

வாழ்க்கையில் பெரிய சிக்கல் வந்தால் அதைத் தீர்க்கச் சிறந்த வழி எது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். என்ன சிக்கல் என்று மட்டும் எழுதவில்லை. வியாதியை மறைத்துக்கொண்டு மருந்தின் பெயரைக் கேட்கிறாய், நீ என் மகள்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இதற்கென்றே ஓர் அலமாரி இருப்பது உனக்குத் தெரியும். அதிகம் பேர் எடுத்துப்போவதும் அந்த அலமாரியில்தான், திரும்பி வராததும் அந்த அலமாரியில்தான். சிக்கல் தீர்ந்தவர்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்பது என் அனுமானம். உன் மாமா வேறு ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்து, பிரச்சினையை நடுவில் ஒரு வட்டமாகப் போட்டுச் சுற்றிலும் அம்புக்குறி வரைந்தால் பாதி தீர்ந்த மாதிரி என்றான். தான் வரைந்ததைக் காட்டினான். அம்புகள் அமோகமாக இருந்தன, வட்டம் காலியாக இருந்தது. உள்ளே ஒண்ணும் எழுதலையேடா என்று கேட்டேன். "அது பர்சனல்க்கா" என்றான்.

நம் வீட்டு வழியும் அதேதான், நாம் அம்பு வரைவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார். நான் டம்ளரில் பாதி மட்டும் தேநீர் ஊற்றினேன், சிந்தாது என்று. அவர் ஒரு நாளும் ஏன் பாதி என்று கேட்கவில்லை. சட்டைகளில் பட்டன் போட அவர் திண்டாடுவதைப் பார்த்து, பட்டன்களை மேலே அலங்காரத்துக்குத் தைத்துவிட்டு உள்ளே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்தேன். அவர் அதையும் கேட்கவில்லை. உன் அண்ணன் தனக்கு என்று சொல்லி மின்சார சவர மெஷின் ஒன்று வாங்கி, அதைத் தொடாமலே குளியலறையில் அப்பா கண்ணில் படும்படி வைத்துவிட்டுத் தாடி வளர்த்தான். நீ மட்டும் என்ன, போன தடவை வந்தபோது கைப்பிடி பெரிதான அந்தக் கோப்பையை எடுத்து வைத்து, சும்மா பார்க்க அழகா இருந்தது, வாங்கினேன் என்றாய். அதைவிட அவலட்சணமான கோப்பையை நான் பார்த்ததில்லை. அவர் பங்குக்கு அவரும் குறைவைக்கவில்லை. கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே நடப்பார். செய்தித்தாளை மேஜையில் விரித்து வைத்துத்தான் படிப்பார். எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் இந்தப் பேனா சரியில்லை என்பார். இந்த வீட்டில் ஒரு நல்ல பேனா கிடையாது என்பது போலப் பேனாவாக வாங்கிக் குவித்தார். நாம் அவரிடமிருந்து மறைத்தோம், அவர் நம்மிடமிருந்து மறைத்தார், எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வானிலை பற்றிப் பேசினோம். இதை நான் அன்பு என்று நினைத்தேன். இப்போதும் அன்பு இல்லை என்று சொல்லத் துணிவில்லை.

ஆனால் அவர் செய்வது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அதை நாம் எல்லாரும் மறந்துபோனோம், அல்லது ஞாபகம் வராமல் பார்த்துக்கொண்டோம். உன் மீசைச் சித்தப்பா மறக்கவில்லை. கூட வேலை செய்கிறவர், தினமும் கையைப் பக்கத்தில் பார்க்கிறவர். உன் அப்பா நட்டை முறுக்கிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்ததும், ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போய் எல்லா நட்டையும் இன்னொரு முறை முறுக்கிவிட்டு வருவாராம். எங்கே போனாலும் ஸ்பேனரை மறக்கிற மனுஷன் என்று உன் அப்பா வீட்டில் வந்து கேலி செய்வார். மீசையின் மனைவி என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சிடுவாரு" என்றாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் மீசை குடலிறக்க ஆபரேஷனுக்கு லீவு போட்டார். உன் அப்பா தனியாகப் போய் ஒரு தங்கும் விடுதியின் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தார். பிரேக் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற நட்டு, முறுக்க வேண்டிய அளவுக்கு முறுக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க ஸ்பேனரை மறக்கிற ஆள் அன்று இல்லை. இரண்டு நாள் அது ஒழுங்காக ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் சலவைத் துணி வண்டியோடு ஒரு பெண் உள்ளே ஏறினாள், லிஃப்ட் நிற்க வேண்டிய மாடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கீழே குழி வரைக்கும் போய் மோதியது. வண்டி அவள்மேல் சாய்ந்திருக்கிறது. உயிர் இருக்கிறது. இடுப்பும் ஒரு காலும் நொறுங்கிப் போயின, நடந்தாலும் முன்பு போல நடக்க மாட்டாள் என்கிறார்கள். உன் வயதுதான் இருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேள். கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், ஸ்பிரிங் பழசு என்றார். மீசை தையல் பிரிக்காத வயிற்றோடு வந்து, ஆமாம் பழசுதான், நான்கூட ஒரு தடவை சொன்னேன் என்றார். விடுதிக்காரரும் காப்பீட்டுக்காரரும் பழசு என்பதில் மனமொத்துப் போனார்கள். இத்தனை பேர் ஒரே கருத்தில் இருந்து நான் பார்த்ததே இல்லை. உன் மாமா போனில், "விடுக்கா, அதையே பேசிட்டிருந்தா நெகட்டிவ் ஆயிடும்" என்றான். உன் அப்பாவும் பழைய ஸ்பிரிங்தான் என்று நம்பினார், அல்லது நம்புகிறவர் போல் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆள் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஆள் நான்தான். என்னைப்போலப் பேசாமல் இருந்து பழகியவர்கள் குறைவு.

ஞாயிறு காலை அவருக்கு டம்ளர் நிறைய தேநீர் ஊற்றி எதிரில் வைத்தேன். விளிம்பு வரைக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, இன்னிக்கு ரொம்ப ஊத்திட்ட?" என்றார். இதுதான் எல்லா வீட்லயும் ஊத்துற அளவு, நான்தான் இத்தனை நாளா பாதி ஊத்தினேன் என்றேன். "தெரியும்" என்றார். அந்த பிரேக் நட்டு உங்க கையால முறுக்கினதுங்க, ஸ்பிரிங் பழசெல்லாம் இல்லை என்றேன். அதற்கும் தெரியும் என்பார் என்று எதிர்பார்த்தேன், கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு மீசை ஏன் ஸ்பேனரை மறக்கிறார் என்பதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. மகளே, அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. "அப்படின்னா இத்தனை நாளா நான் வேலையே பாக்கலையா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம் வீட்டில் அந்த இடத்தில் இல்லைங்க என்றுதான் சொல்வோம்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், நட்டு தன் கையால் தளர்வாக விடப்பட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். மேற்பார்வையாளர் கோபப்பட்டாராம், எல்லாம் நல்லபடி முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறுறீங்க என்று. வேலை போய்விட்டது. வழக்கும் வரும் என்கிறார்கள். மீசை இரண்டு நாள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "உன்னைக் காப்பாத்தணும்னுதான்டா" என்று அழுதார். உன் அப்பா, எனக்கும் தெரியும்டா என்றார், ஆனால் கையைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போனார். நானும் கூடப் போனேன். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவள் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய அம்மா, "சொல்லிட்டீங்கல்ல, போங்க" என்றாள். வந்துவிட்டோம். மன்னிப்பு என்று ஒன்று கிடைத்ததாக உனக்கு எழுதினால் இந்தக் கடிதமும் அரை டம்ளர் ஆகிவிடும்.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் காட்டினோம். நடுக்குவாதம் என்றார். மாத்திரை இருக்கிறதாம், ஓரளவு கட்டுப்படுமாம். அந்த மாத்திரை முன்னாலேயே இருந்ததா என்று கேட்டேன். ரொம்ப காலமா இருக்கும்மா, நீங்கதான் வரல என்றார்.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்கு, சிறந்த வழி எனக்குத் தெரியாது. எதுவும் தீர்ந்தபாடில்லை. நோய் அப்படியே இருக்கிறது, அந்தப் பெண்ணின் கால் அப்படியே இருக்கிறது, உன் அண்ணன் தாடியை எடுத்ததுதான் இதுவரை கண்ட முன்னேற்றம். ஆனால் திங்கட்கிழமை உன் அப்பா லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நுழையவில்லை. யாரோ ஒருத்தி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, தன் மாடியில் இறங்கிப் போயிருப்பாள். அவளுக்கு நம்மைத் தெரியாது. எனக்கு அவ்வளவு போதும்.

நீ நல்லா இருக்கணும். உடம்பு தெம்பாக, மனசு திடமாக, பக்கத்தில் உண்மை சொல்கிற ஓர் ஆளாவது இருக்கும்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். அடுத்த கடிதத்தில் உன் வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுது. அம்மா தாங்குவாளோ என்று பார்க்காதே. அப்பாவிடம் போனில் பேசும்போது சாப்பிட்டீங்களாவோடு நிறுத்தாமல், கை எப்படி இருக்கு என்று கேள். பதில் வரத் தாமதமானால் காத்திரு.

உறைமேல் உன் முகவரியை நானே எழுதுகிறேன் என்று அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டு உறை வீணாகிவிட்டன, இது மூன்றாவது. தபால்காரர் உன் வீட்டைக் கண்டுபிடித்தால் அவர் கெட்டிக்காரர். எழுத்து படிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே அப்பாவிடம் சொல். பேனா சரியில்லை என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை.

உன் அம்மா