இரண்டு விமானத்துக்கும் ஒரே உடல்

ரெட்டியார்சத்திரம்

என்னங்க,

தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டே அம்மா கேட்கிறாள்: "ஒத்தக் கையெழுத்துக்காகவா பொட்டியத் தூக்கிட்டு வந்த? மாப்ள சொல்ற எடத்துல போட்டா கொறஞ்சா போயிருவ?"

விமானத் தேர்வு அறிக்கையில் போட மாட்டேன். உங்கள் தலைமையில் நம் குழு தேர்ந்தெடுத்த சின்ன விமானத்தின் முதுகில் ரேடாரை ஏற்றினால், எல்லையில் நெடுநேரம் சுற்றிக் காவல் காக்க எரிபொருள் போதாது. கூட்டத்தில் சொன்னேன். நடுவானில் டேங்கர் விமானம் நிரப்பிவிடும் என்று சிரித்தீர்கள். அந்த டேங்கருக்கும் இதே சின்ன விமானத்தைத்தானே எடுத்திருக்கிறீர்கள்? தான் திரும்பி வரவே திண்டாடுகிற விமானம் இன்னொன்றுக்கு எதை ஊற்றும்?

"வீட்டுல பேசிக்கலாம்" என்றீர்கள். வீட்டிலும் நான் அதே பொறியாளர்தான்.

வீட்டுச் சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அறிக்கைக்கு என் கையெழுத்து வராது.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் மறுத்த ஒரே ஆள்