கறுக்காத மை

2000 பிப்ரவரி 6, ஞாயிறு

அடுத்த வார அறிவிப்புகளை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். போதகர் ஆசீர்வாதம் ஆபீசுக்குள் வந்தார். பின்னாலேயே பியூலா.

"இனிமே கல்யாணப் பதிவேட்டை பியூலா எழுதட்டும் சிஸ்டர். உங்களுக்கும் வேலை குறையும்" என்றார்.

வேலை குறையவேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்?

ஒன்பது வருஷமாக இந்தச் சபையில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்தையும் பதிவேட்டில் எழுதியது நான். பியூலா போன வருஷம்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். புருஷனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, குகட்பள்ளியில் வீடு. கிறிஸ்துமஸுக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு வசனம் எழுதினாள். அதை எழுத்துக்காகவே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அழகான எழுத்துதான். இல்லையென்று சொல்லமாட்டேன். என் எழுத்தைப் பற்றி இதுவரை யாரும் சொன்னது, "புரியுது" என்பதுதான்.

"வருத்தமில்லியேக்கா?" என்று கேட்டாள்.

"சேச்சே" என்றேன்.

பிப்ரவரி 7

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "எழுதற வேலை போனா நல்லதுதானே? காய்க்கு இவ்ளோ ஃபீலிங்?" என்றார். 'எதற்கு' என்பதற்கு ஹைதராபாத் உருது. பூபாலனுக்கு எதுவுமே பெரிய விஷயமில்லை. இவரிடம் சொன்னது என் தப்பு.

மார்ச் 12, ஞாயிறு

ஷீபா ஹோம்வொர்க் நோட்டில் 'g'யின் வாலைச் சுழித்துச் சுழித்துப் பழகுகிறாள். பியூலா மாதிரியாம்.

"நேராவே எழுதேண்டி, டீச்சர் திட்டுவாங்க" என்றேன்.

"நக்கோ மம்மி, வேணாம். யுவர் ரைட்டிங் ஈஸ் போரிங்."

பன்னிரண்டு வயசுப் பெண் சொன்னதற்கு மனசு நோகலாமா? நொந்தது.

ஏப்ரல் 26, புதன்

ஈஸ்டர் போய், கல்யாணம் வைக்காத லெந்து நாட்கள் முடிந்துவிட்டன. நாளை முதல் கல்யாணங்கள் தொடங்குகின்றன. பியூலா மை கேட்டு வந்தாள். அலமாரிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையாவது விட்டுவைத்தார்களே.

பதிவேட்டு மை சாதாரண மை இல்லை. இரும்புச் சத்து கலந்தது. எழுதும்போது நீலமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் கறுத்துக் காகிதத்தோடு ஒட்டிவிடும். பிறகு தண்ணீர் கொட்டினாலும் போகாது. ஆனால் புட்டியைத் திறந்துவிட்டால் காற்றுப்பட்டுக் கெட ஆரம்பிக்கும். ஒரு வருஷம் கவலையில்லாமல் எழுதலாம், கூடப்போனால் ஒன்றரை. அதற்குமேல் இரும்பெல்லாம் அடியில் சேறாகத் தங்கிவிடும். மேலே நிற்பது வெறும் நீலத் தண்ணீர்.

அலமாரியில் இரண்டு புட்டி இருந்தன. ஒன்று ஜனவரியில் மெட்ராஸிலிருந்து வந்தது, சீல் உடைக்காதது. இன்னொன்று 97 கிறிஸ்துமஸுக்குத் திறந்தது. ஞாயிறு பள்ளி அட்டைகளில் பெயர் எழுத ஒதுக்கி வைத்தது.

என் கை பழையதை எடுத்தது.

அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது எப்ப தொறந்ததுக்கா? நாள் ஆனா கெட்டுப்போகும்னு சொல்லுதாங்களே."

"கிறிஸ்துமஸ் சமயத்துல" என்றேன்.

பொய்யில்லையே? எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவள் கேட்கவில்லை.

மே 3

கல்யாண வீட்டார் பதிவேட்டைச் சுற்றி நின்றுகொண்டு, "யாரு எழுதினது? யாரு எழுதினது?" என்கிறார்கள். பெண்ணின் அம்மா பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 14, ஞாயிறு

எல்லாரும் போனபிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதல் கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நீலம். அதுவும் சாயம் போன நீலம். முந்தைய பக்கத்தில் என் எழுத்து கன்னங்கரேலென்று நிற்கிறது.

சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்லமுடியாத சந்தோஷம். இங்கே எழுதிவைக்கிறேன்.

மே 21

பியூலா வந்தாள். "எக்கா, எழுத்து கறுக்கவே மாட்டேங்கு. எம்மேல ஏதும் தப்பா?"

"ஹைதராபாத் வெயில் அப்படித்தான், நாளாகும்" என்றேன். வெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எப்படி இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது?

போதகரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?" என்றார். பியூலாவின் முகம் சிறுத்துவிட்டது. நான் டைப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

இன்று புதுப் புட்டியைக் கொடுத்துவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக.

பியூலா தானாகவே பேசினாள். புருஷனுக்கு அமெரிக்க நேரத்துக்கு வேலையாம். பகலெல்லாம் தூங்குகிறாராம். அக்கம்பக்கத்தில் தெலுங்கு, இவளுக்கு வராது. "இந்தப் பதிவேடு எழுதுத அன்னைக்குத்தான் நாலு மனுஷங்ககிட்ட பேசுதேன்க்கா."

மனசு இளகியது. சாவியைக்கூட எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஷீபா ஓடிவந்து, "ஆன்ட்டி!" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்னை அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனை நாளாயிற்று?

சாவி பைக்குள் போய்விட்டது.

ஜூலை 2

மூன்று கல்யாணம். எல்லாம் அதே புட்டி.

ஆகஸ்ட் 24, வியாழன்

நேற்றிலிருந்து இப்படியொரு மழையை நான் பார்த்ததில்லை. தாழ்வான இடமெல்லாம் வெள்ளமாம், பஸ் இல்லை, ரயில் இல்லை. மெட்டுகுடா மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் தப்பித்தது. சபைக் கோயில்தான் பள்ளத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 25

முழங்கால் தண்ணீரில் நடந்து ஆபீசுக்குப் போனோம். போதகர், நான், பியூலா. அவள் குகட்பள்ளியிலிருந்து எப்படித்தான் வந்தாளோ. பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியிருந்தது. பதிவேடு ஊறிப்போயிருந்தது.

ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். என் பக்கங்களில் காகிதம் நைந்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. பிறகு அவள் பக்கங்கள் வந்தன. ஒன்றுமில்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, பெண் மாப்பிள்ளை போட்ட கையெழுத்து இல்லை. வெளிர்நீலக் கறை மட்டும். ஈஸ்டருக்குப் பிறகு நடந்த ஒரு கல்யாணமும் இல்லை.

பியூலா அந்தத் தாளைக் கையில் ஏந்தியபடி தண்ணீரில் நின்றாள்.

நான் நினைத்தது எழுத்து மங்கவேண்டும் என்று. இதை நினைக்கவில்லை. இதை நினைக்கவேயில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கமிட்டி கூடியது. "கடையில விக்கற மையை ஊத்தியிருக்கும் அந்தப் பொண்ணு" என்றார் ஒருவர். "எழுத்து அழகா இருந்தாப் போதுமா?" என்றார் இன்னொருவர். இதே வார்த்தையை நான் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வெளியில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

பியூலா எழுந்து, "மையை நான்தான் பாத்திருக்கணும், ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

பதிவேட்டை மறுபடி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

கல்யாணமானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி கையெழுத்து வாங்குகிறோம். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போகிறார்கள். எப்சியால்தான் முடியாது. மே மாதம் கல்யாணமான பெண். மாப்பிள்ளை ஜூனிலேயே நியூஜெர்சி போய்விட்டான். இவளுக்கு இந்த மாதக் கடைசியில் மெட்ராஸில் விசா இன்டர்வியூ. திருமணச் சான்று வேண்டும்.

"பதிவேட்டில் இல்லாததற்கு நான் எப்படிம்மா நகல் தர்றது?" என்றார் போதகர்.

அவள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குக் கல்யாணமே ஆகலேன்ற மாதிரி பேசறீங்களே!"

செப்டம்பர் 8, வெள்ளி

கமிட்டியில் இருக்கும் வக்கீல் தங்கராஜ் ஒரு வழி சொன்னார். சாட்சிகளும் போதகரும் உறுதிமொழி தரவேண்டும். கூடவே, பதிவு எதனால் அழிந்தது என்று பொறுப்பானவர் ஒருவர் எழுதித் தரவேண்டும். அதை வைத்து எப்சிக்குச் சான்று கொடுக்கலாமாம்.

மத்தியானம் பியூலாவை வரவழைத்தார்கள். வாசகம் முன்பே அடித்து வைத்திருந்தது. தகாத மையை அவள் கவனக்குறைவாகப் பயன்படுத்திவிட்டாளாம். அதை டைப் அடித்தவள் நான். என் கையாலேயே அடித்தேன்.

அவள் படித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"இரு" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "மை அவளோடது இல்ல. நான் எடுத்துக் குடுத்தது. தொறந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆன புட்டி. தெரிஞ்சுதான் குடுத்தேன். புதுசு உள்ளயே இருந்துச்சு."

"ஏன் சிஸ்டர்?" என்றார் போதகர்.

"அவ எழுத்து நல்லா இருந்துச்சு" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வக்கீல் அந்தத் தாளைக் கிழித்தார். புதுத் தாளில் என் பெயர் ஏறியது. கையெழுத்துப் போட்டேன். போதகர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

பியூலா வாசல்வரை போய் நின்றாள். "எந்தக் கிறிஸ்துமஸுன்னு நான் கேட்டிருக்கணும்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 9

வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார். "இன்னாத்துக்கு அப்டி செஞ்ச?" ஒரே கேள்வி. எப்போதும் போல இதையும் சின்ன விஷயமாக்கிவிடுவார் என்று நினைத்தேன். ஆக்கவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

எப்சிக்கு விசா கிடைத்துவிட்டதாம். ஆராதனைக்குப் பிறகு லட்டு கொடுத்தாள், எனக்கும்.

அக்டோபர் 22, ஞாயிறு

பதிவேட்டை இப்போது போதகரே எழுதுகிறார். பியூலாவைத் திரும்பக் கேட்டார்களாம், வேண்டாம் என்றுவிட்டாளாம். எனக்கு டைப் அடிக்கும் வேலை மட்டும். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறாள். என் பக்கம் பார்ப்பதில்லை.

நவம்பர் 4, சனி

ஷீபா எனக்குத் தெரியாமல் பியூலாவிடம் போய், எழுதக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை வரச் சொன்னாளாம். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

குகட்பள்ளி வரை பஸ்ஸில் கூட்டிப்போனேன். மூன்றாம் மாடி. ஷீபாவை உள்ளே விட்டுக் கதவு மூடியது. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 11, சனி

படிக்கட்டு. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா என்னைப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்றேன்.

நவம்பர் 25, சனி

இன்றும் படிக்கட்டில்தான் இருந்தேன். பாதியில் கதவு திறந்தது.

"உள்ள வந்து இருங்க. எத்தனை நேரம் படியிலயே இருப்பீங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஷீபாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் தலையோடு தலை சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஷீபா ஏதோ சொன்னாள், அவள் சிரித்தாள். பழைய இடத்தில் சுருக்கென்றது. இன்னும் இருக்கிறது, போகவில்லை.

ஜன்னலில் ஒரு மஞ்சள் திரை. அவ்வளவு அழகு. இவளுக்கு மட்டும் எங்கேதான் கிடைக்கிறது இதெல்லாம் என்று நினைத்தேன்.

டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "திரை நல்லா இருக்கு பியூலா" என்றேன்.